அப்பா போட்ட ஜாதகம்

கழக்கூட்டத்து ஐ.டி. கம்பெனியில் என் வேலையே அடுத்தவர் விவரங்களைக் காப்பதுதான். ஒருவருடைய கைபேசி எண்ணை வாங்குவதென்றால் எதற்கு வாங்குகிறோம், எப்போது அழிப்போம் என்று சொல்லி அவர் சம்மதத்தைப் பெற வேண்டும். பெறாதவர்களை நான் சும்மா விடமாட்டேன். ஆபீஸில் என்னைக் கண்டாலே சிலர் லிஃப்டை விட்டுப் படியேறுவார்கள்.

அப்பேர்ப்பட்ட எனக்கு ஒரு நாள் மீட்டிங் நடுவே யாரோ ஒரு மாமியிடமிருந்து போன். என் நட்சத்திரம், உயரம், சம்பளம், கோட்டைக்குள் எங்கள் வீடு எந்தத் தெரு என்பதுவரை ஒப்பித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை எப்போதும் போடுவேனா என்று கேட்டார். சாயங்காலத்துக்குள் இன்னும் ஏழு பேர். வரன் தேடும் வாட்ஸ்அப் குழுவில் அப்பா என் ஜாதகத்தைப் போட்டோவோடும் போன் நம்பரோடும் போட்டிருந்தார்.

கல்யாணமே வேண்டாம் என்பவள் இல்லை நான். ஆனால் ஒருவன், வீட்டில் தனியாகவா இருக்கிறாய் என்று செய்தி அனுப்பியிருந்தான். அவனிடம் என் முகவரியும் இருக்கிறதே என்று பயந்துபோனேன். கோபத்தோடு போனை அப்பாவிடம் நீட்டினேன். மூன்று தடவை படித்தார். முகம் வெளுத்துவிட்டது.

"எல்லாரும் போடறா, நானும் போட்டேன். உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலை, கேட்டியா" என்றார்.

அவர் அழிப்பதற்குள் அது வேறு பல குழுக்களுக்குப் போயிருந்தது. ஒரு வாரம் முழுக்க ஒவ்வொரு அட்மினாக அழைத்து, கெஞ்சியும் மிரட்டியும் நீக்கவைத்தார். பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்க வந்த ஓர் அட்மினை வழிமறித்து, நின்ற இடத்திலேயே அழிக்கச் சொன்னாராம். என் டீமில் இப்படி ஓர் ஆள் இல்லையே என்று எனக்கு ஏக்கமாக இருந்தது.

அத்துடன் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காபி குடித்துக்கொண்டே, குழுவிலிருந்து தன்னைத் தூக்கிவிட்டதாகச் சொன்னார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. குழுவில் கிடந்த ஜாதகங்களைப் பார்த்து அந்தந்தப் பெண்களையே கூப்பிட்டு, இது உனக்குத் தெரிந்துதான் போட்டார்களா என்று விசாரித்திருக்கிறார். நான் ஆபீஸில் கட்டிக்காக்கும் சட்டப்படி அதுவும் தப்புதான். சொல்ல மனம் வரவில்லை.

என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"ஒம்பது பேர்ல ஏழு பேருக்குத் தெரியவே தெரியாது. ஒருத்தியோடது ஏதோ பழைய ஜாதகம் போலிருக்கு, அவ போனை எடுக்கறச்சே பின்னாடி குழந்தை அழறது. அவளோட குழந்தையாக்கும்."