மாமா சொன்ன பாதி அர்த்தம்

சேலத்து ஆஸ்பத்திரியில் அம்மாவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உடம்பு சரியானால்தானே வீட்டுக்கு அனுப்புவார்கள். அம்மா வந்த காரின் பின்னாலேயே தெருமுனையிலிருந்து கத்திக்கொண்டு ஓடிவந்தேன். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு.

அதற்குப் பிறகு மாமா ஞாயிறுதோறும் வரத் தொடங்கினார். அம்மாவின் தம்பி. பாதிரியார் படிப்புக்காகக் குருமடத்தில் ஏழு வருடம் இருந்துவிட்டு, சாமியார் ஆகாமலே திரும்பியவர். தொப்பூர் கணவாய்ச் சாலையில் லாரிக்காரர்கள் சாப்பிடும் ஓட்டல் ஒன்றில் சப்ளையராக இருந்தார். படித்த லத்தீனும் இங்கிலீஷும் அங்கே யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டில்தான் அவை செலவாகும்.

அம்மாவும் சின்ன வயதில் கன்னியாஸ்திரீகளின் போர்டிங்கில் படித்தவள். அங்கே கோயில் பாட்டுக்குழுவில் இங்கிலீஷ் பாட்டெல்லாம் பாடியிருக்கிறாள். கட்டிலில் படுத்தபடி, "ஏதாச்சும் சொல்லுடா" என்பாள். மாமா குருமடத்திலிருந்து கொண்டுவந்த, அட்டை போன பாட்டுப் புத்தகத்தைப் பிரிப்பார். அதிலுள்ள பழைய வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்று சொல்வதில் அவருக்கு ஒரு தனி ருசி. கிறிஸ்துமஸுக்குப் பாடும் கேரல் என்பது முதலில் பாட்டு மட்டும் இல்லையாம், கைகோத்து வட்டமாக ஆடிய ஆட்டமாம். டிட்டி என்றால் குட்டிப் பாட்டு. அதுவும் எங்கள் டீச்சர் கொடுக்கும் டிக்டேஷனும் ஒரே வயிற்றுப் பிள்ளைகளாம். சத்தத்தைக் குறிக்கும் நாய்ஸ் என்கிற சொல், கப்பலில் போகிறவர்களுக்கு வரும் குமட்டலிலிருந்து பிறந்ததாம்.

"அப்படின்னா எங்க ஓட்டல்ல இருக்கறது பூராவும் நாய்ஸ்தான்" என்றார் மாமா. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்தால் வலிக்கும் என்று அப்பா மாமாவை முறைத்தார்.

ஒரு ஞாயிறு நானே புத்தகத்தைப் புரட்டி, ஒரு பக்கத்தின் தலைப்பை எழுத்துக்கூட்டினேன்.

"மாமா, டிர்ஜ்னா என்னங்க?"

மாமா அம்மாவைப் பார்த்தார். அவள் கண்ணை மூடியிருந்தாள்.

"டர்ஜ்னு சொல்லணும் கண்ணு" என்றார் கடைசியில். "லத்தீன்ல ஒரு ஜெபம். ஆண்டவரே, என்னை வழிநடத்தும்னு ஆரம்பிக்கும். அதோட மொத வார்த்தை திரிஜே. அதுதான் தேய்ஞ்சு தேய்ஞ்சு இப்படி ஆயிருச்சு."

"பாட்டுதானுங்களே?"

"பாட்டுதான்."

"அப்ப அம்மாவுக்கு நான் அதையே பாடறேன்."

மாமா புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி மூடினார். வேறு நல்ல பாட்டு இருக்கிறது என்றார். அம்மா கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"கத்துக்குடுடா தம்பி. எம் பொண்ணு வாயால கேட்டுக்கறேன்."

நான்கே வரிகள். அதைக் கற்றுக்கொடுக்க மாமாவுக்கு இரண்டு ஞாயிறு ஆனது. இரண்டாவது வரியிலேயே பாட்டை நிறுத்திவிடுவார். சளி என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விடுவார்.

அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அம்மாவைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "பாப்பா இங்கிலீஷ்ல டர்ஜ் பாடுமுங்க" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு எண்ணெய் பூசி ஜெபித்து, நோயில் பூசுதல் கொடுக்க வந்த பங்குச் சாமியாரிடமும் சொன்னார். சாமியார் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

கல்லூரிக்குப் போன பிறகுதான் நூலகத்து அகராதியில் அந்த வார்த்தையைத் தற்செயலாகப் பார்த்தேன். இறந்தவர்களுக்காகப் பாடும் பாட்டு என்று போட்டிருந்தது. மாமா பொய் சொல்லவில்லை. பாதியை என்னிடம் சொல்லிவிட்டு மீதியைத் தன்னோடு வைத்துக்கொண்டார். அந்த மீதி தெரிந்த இன்னொருத்தி கட்டிலில் படுத்திருந்தாள். அப்பாவிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை.

அன்றைக்குச் சாமியார் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, ஸ்கூலில் பாடுவதுபோல நிமிர்ந்து நின்று பாடினேன். முடித்ததும் அப்பா மட்டும் கை தட்டினார். அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசி வரிய இன்னொருக்கா பாடு கண்ணு."

எங்கோ தப்பு விட்டிருக்கிறேன் என்று நினைத்தேன். போர்டிங்கில் படித்தவள் ஆயிற்றே, அவளுக்குத் தெரியாமல் போகுமா. ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, கவனமாகப் பாடினேன். அம்மா இன்னொரு தடவை கேட்டாள். அதற்குப் பிறகும் ஒரு தடவை கேட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா இறந்துபோனாள். மாமா பஸ்ஸிலிருந்து இறங்கி, ஓட்டலில் போட்டிருந்த அதே சட்டையோடு ஓடிவந்தார். நான் கூட்டத்துக்குள் புகுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்டது, கடைசி வரியில் நான் தப்பாகச் சொன்ன வார்த்தை எது என்றுதான்.