இல்லாத தம்பிக்கு வைத்தியம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன் முதலில் கற்றுக்கொள்வது, தன் பயத்தை முகத்தில் காட்டாமல் உட்கார்ந்திருக்கத்தான். மாசாய் என்ற ஊரில் பதினெட்டு வருடமாக அந்த வேலையைச் செய்கிறேன். அதே பழக்கத்தில் என் மனச்சோர்வையும் இரண்டு வருடம் மூடி வைத்திருந்தேன். காலையில் கண் விழித்ததும், ‘இன்றைக்கும் எழுந்தாக வேண்டுமா’ என்று கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவர்களே, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்களுக்கும் அந்த வெட்கம் இருக்கும் என்பதால்தான் சொல்கிறேன்.

கிளட்ச் போச்சு

ஒரு நாள் எட்டு மணி வகுப்புக்குக் கிளம்பினேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு காலுறையைப் போட்டேன். இன்னொன்றைக் கையில் பிடித்தபடி பதினோரு மணி வரை அப்படியே இருந்தேன். துக்கமும் இல்லை, அழுகையும் இல்லை. அந்தக் காலுறையைப் போட என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். எட்டு மணிக்கு வரச்சொன்ன பையன் பெட்ரோல் நிலையத்தில் நின்று போன் மேல் போன் அடித்தான். கிளட்ச் போய்விட்டது என்று சொல்லிவிட்டேன்.

பொய் வசதியாக இருந்தது. ஒரே மாதத்தில் நான்கு முறை கிளட்ச் போனது. டிரைவிங் ஸ்கூல் முதலாளி வீட்டுக்கே வந்துவிட்டார். சாவியை வாங்கி, எங்கள் தாமான் குடியிருப்பை இரண்டு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பினார். கோபப்படவில்லை. சாவியை என் உள்ளங்கையில் வைத்துச் சொன்னார்: “காரு நல்லாத்தான் இருக்கு லா. என்ன போச்சுன்னு நீயே சொல்லு.”

வயிற்றுவலி என்றேன்.

மேட்டில் நின்ற கார்

கமலா அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. கணவருக்குப் பக்கவாதம் வந்த பிறகு, அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக யாரையும் கெஞ்சக் கூடாது என்று கார் ஓட்டப் படிக்க வந்தவர். மேட்டில் காரை நிறுத்தி எடுப்பது மட்டும் அவருக்கு வரவில்லை. பின்னால் உருண்டுவிடும். எத்தனையோ பேருக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவன்தான் நான். அன்றைக்கு மூன்றாவது முறை உருண்டபோது, என்னவோ வாய்க்கு வந்துவிட்டது. “இந்த வயசுல, இந்த மூளைய வச்சிக்கிட்டு உங்களுக்கெல்லாம் எதுக்கு லைசன்ஸ்? உங்க வீட்டுக்காரரை நீங்களே கொன்னுடுவீங்க” என்று கத்தினேன்.

இதை எழுதும்போதும் காது சூடாகிறது. அக்கா கை பிரேக்கை இழுத்தார், இன்ஜினை நிறுத்தினார், கைப்பையை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினார். கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினார். “தம்பி, நான் ஓட்டக் கத்துக்கத்தான் வந்தேன். திட்டு வாங்க எனக்கு வேற எடம் இருக்கு.”

இன்னொருத்தருக்காக வந்தேன்

அன்று வீட்டில் மனைவியிடம், “இப்படியே தூக்கத்துல போயிட்டாலும் பரவாயில்ல” என்று சொல்லிவிட்டேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். மறுநாள் தொழிற்சாலைக்கு லீவு போட்டுவிட்டு என்னை அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்த டாக்டர் பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்தார்.

அங்கே போன நாள் மனைவிக்கு வேலை. தனியாகக் காத்திருந்தேன். ஊரில் பாதிப் பேருக்கு நான்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. ஒளிய இடம் ஏது? பக்கத்து நாற்காலியில் தேவி. மூன்று வருடத்துக்கு முன் என்னிடம் படித்தவள். “சார், நீங்களா?” என்றாள். “தம்பியக் கூட்டிக்கிட்டு வந்தேன்மா. டாய்லெட் போயிருக்கான்” என்றேன். எனக்குத் தம்பியே கிடையாது. அவள் ஏன் வந்திருக்கிறாள் என்று கேட்கவும் எனக்குத் தைரியமில்லை.

இருபது நிமிடம் ஆகியும் தம்பி வரவில்லை. தாதி என் முழுப்பெயரைக் கூப்பிட்டாள். நான் அசையவில்லை. இரண்டாவது முறையும் கூப்பிட்டாள். தேவி போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல் மெல்லிய குரலில் சொன்னாள்: “சார், தம்பியத்தான் கூப்பிடுறாங்க. அவரு வர்ற வரைக்கும் நீங்க போயி உள்ள உக்காருங்க.”

யார் பேசியது

டாக்டர் மாத்திரை கொடுத்தார். பலன் தெரியச் சில வாரம் ஆகும், அதற்குள் நிறுத்தக் கூடாது என்றார். வியாழக்கிழமைகளில் ஒரு மலாய்ப் பெண்மணியிடம் ஆலோசனை. என்னைவிட வயதில் சின்னவர். முதல் இரண்டு வாரம் நான் சோம்பேறி, வேறொன்றுமில்லை என்றே சாதித்தேன். மூன்றாவது வாரம் கமலா அக்காவைப் பற்றிச் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. மனச்சோர்வு எல்லாருக்கும் அழுகையாக வராது, சிலருக்கு எரிச்சலாகவும் வரும் என்று அவர் விளக்கினார்.

நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அப்படியானால் கத்தியது நோய்தானே, நான் இல்லையே என்றேன். அவர் மலாயில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: “நோய் வந்ததுக்கு நீங்க வெட்கப்பட வேணாம். ஆனா அந்த அம்மாகிட்ட போய்ப் பேச வேண்டியது நோய் இல்ல, நீங்க.”

மூன்றாவது மாடி

போக எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அதற்குள் கமலா அக்கா வேறு இடத்தில் படித்து லைசன்ஸ் வாங்கிவிட்டார். அவருடைய பிளாட்டின் கம்பிக் கதவுக்கு வெளியே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன்: காலுறை, மாத்திரை, வியாழக்கிழமை. மன்னிப்பும் கேட்டேன். உள்ளே அவர் கணவர், அணைத்துவைத்த தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அக்கா பூட்டைத் திறந்தார். “நீங்க சொன்னது இன்னும் வலிக்குது தம்பி, இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். அது இருக்கட்டும். இவரும் ஆறு மாசமா யார்கிட்டயும் பேசறதில்ல, சாப்பாடும் எறங்கல. அந்த டாக்டரைப் பாக்க மொதல்ல எங்க போகணும்?”

ஊருக்கெல்லாம் வழி சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவன் நான், ஆனால் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் இருக்கும் கிளினிக்குக்குப் போய்ச்சேர எனக்கு இரண்டு வருடம் ஆனது.