மாத்தளை மண்ணின் காரம்

கோப்பி ருசி அறிந்தவன் என்று இத்தனை வருடம் பீற்றித் திரிந்தது வீண். இன்று காலைதான் அது எனக்கே தெரிகிறது.

மாத்தளையில் மச்சானின் தோட்டத்தில் விளைந்த கோப்பிக்கொட்டையை விற்றுத்தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டுத் திருகோணமலைக்கு வந்திருக்கிறேன். மூதூர் போகும் லாஞ்சிப் படகு புறப்படும் துறையடியில், தேத்தண்ணிக்கடை நானா அதை வறுத்து இடித்து ஊற்றித் தருகிறார். ஒரு மிடறு குடித்துக் கண்ணை மூடுகிறேன்.

"தொண்டையில ஒரு காரம் நிக்குதெல்லோ நானா? அதுதான் எங்கட தோட்டத்து மண். வேற கோப்பியில வராது."

"அது வேர்க்கொம்பு ஐயா, சுக்கு. மல்லியும் போட்டுத்தான் இடிச்சனான்."

லாஞ்சிக்கு நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். வியாபாரம் போச்சு என்று பையைக் கட்டுகிறேன். நானா வறுத்த கொட்டை இரண்டை வாயில் போட்டு மெல்கிறார். முகம் மெதுவாக மலர்கிறது.

"கொட்டை நல்லது. மாசம் பத்து றாத்தல் அனுப்பச் சொல்லுங்கோ. ருசி சொல்ல நீங்கள் வரத் தேவையில்ல."