இப்ராகிம் பாய் வீட்டுக் காட்டுப்பூவரசு

1. போன்

கையெல்லாம் மண். மொதலாளி போனை என் காதில் வைத்தார். "உன்னைத்தான் கேக்குது. கூனிமேட்டுப் பொண்ணு."

"அக்கா, இலை ஓரமெல்லாம் கருகுது. மொட்டு கொட்டுது. சீக்கிரம் வாங்கக்கா." சபீனா அழுதாள்.

நான் மரக்காணம் உப்பளத்தில் வேலை பார்த்தவள். காலில் புண் ஆறவில்லை. அதனால் குயிலாப்பாளையம் பக்கம் நர்சரிக்கு வந்துவிட்டேன். செடிக்காக ஒருத்தர் அழுது அன்றைக்குத்தான் கேட்டேன்.

சபீனா குன்னூர்ப் பெண். கூனிமேட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் இப்ராகிம் பாய்க்கு மருமகள். புருஷன் துபாயில். கல்யாணமாகி வந்தவள் அம்மா வீட்டுக்குத் திரும்பப் போகவே இல்லை. "அவன் லீவுல வரட்டும், சேர்ந்து போங்க" என்பார் பாய். லீவு கிடைக்கவில்லை. சரி, அம்மா வீட்டு வாசலில் நிற்கிற செடியாவது வேண்டும் என்று கேட்டாள். மொதலாளி மலை நர்சரியில் சொல்லி வரவழைத்தார்.

செடியைக் கொடுக்கும்போதே "இங்க பொழைக்காதும்மா" என்றேன்.

"பூக்கிற வரைக்கும் இருந்தா போதும்க்கா."

2. அது என்ன செடி

நர்சரிக்கு வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதைக் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கேயும் சொல்கிறேன்.

காட்டுப்பூவரசு. நம் ஊர்ப் பூவரசுக்கு இது சொந்தம் இல்லை. ஊட்டி மாதிரி உயரமான மலையில், காடு முடிந்து புல்வெளி ஆரம்பிக்கிற ஓரத்தில் தானாக வளரும். காற்று பலமாக அடிப்பதால் கோணல்மாணலாக, குட்டையாக நிற்கும். இலை தடிப்பு. திருப்பிப் பார்த்தால் பழுப்பாக இருக்கும். குளிர்காலத்தில் கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பூ. தேன் குடிக்கக் குருவி வரும்.

வேர் முடி மாதிரி மெலிசு. ஆழம் போகாது. இலை மக்கின புளிப்பு மண்தான் அதற்கு வேண்டும். உப்பு ஆகவே ஆகாது.

3. குழி

தொட்டியிலேயே வைக்கச் சொல்லியிருந்தேன். போய்ப் பார்த்தால் கிணற்றடியில் குழி தோண்டி இறக்கியிருந்தது. பாத்தி அழகாகக் கட்டியிருந்தார்கள். மண் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. அதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். உப்பு.

"பாய், குழியில என்ன போட்டீங்க?"

"நல்லா கேட்டே. கல்லுப்புதான். கை நெறைய போட்டேன். தென்னம்பிள்ளைக்குப் போடலையா? மருமக ஆசையா கேட்ட செடியாச்சே."

இந்தப் பக்கம் தென்னை வைத்தால் எல்லோரும் குழியில் உப்புப் போடுவோம். நானும் போட்டிருக்கிறேன். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இதுக்கு உப்பு விஷம் பாய்."

பாய் மருமகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

செடியைத் தூக்கினேன். டிரம்மில் பிடித்து வைத்த மழைத்தண்ணீரில் வேரை அலசினேன். இலைமக்கும் பட்டைத்தூளும் போட்டுத் தொட்டியில் வைத்து நிழலுக்கு நகர்த்தினேன். டிரம் காலி. கிணற்றுத் தண்ணீரும் போர் தண்ணீரும் கரிக்கும். இனி என்ன ஊற்றுவது?

சுவருக்குப் பின்னால் ஏசி பைப் சொட்டிக்கொண்டிருந்தது. அது காற்றில் இருக்கிற ஈரம். உப்பு கிடையாது.

"இந்தத் தண்ணிய புடிச்சு ஊத்துங்க."

4. மப்ளர்

அதுவரைக்கும் அந்த வீட்டில் ஏசிக்குத்தான் தினமும் சண்டை. மருமகள் போடுவாள், பாய் அணைப்பார். அடுத்த வாரம் போனேன். மார்கழிக் குளிர். பாய் தலையில் மப்ளர் சுற்றிக்கொண்டு ஏசி ரூமில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன பாய் இது?"

"செடிக்குத் தண்ணி வேணாமா? நீதானே சொல்லிட்டுப் போனே."

"மாமா காலைலேர்ந்து வெளியவே வரலக்கா" என்று சபீனா சிரித்தாள்.

ஒரே ஒரு மொட்டுக்கொத்து மிஞ்சியது. தை மாசம் விரிந்தது. நல்ல ரத்தச் சிவப்பு. சபீனா வீடியோ காலில் அம்மாவுக்குக் காட்டினாள். அந்த அம்மா பூவைப் பார்க்கவில்லை. "நீ ஏன்டி இப்படி எளச்சுட்டே?" என்றுதான் கேட்டார். பாய் பக்கத்தில்தான் நின்றார்.

மாசி வெயிலில் இலை தொங்க ஆரம்பித்தது.

"இனி தாங்காது பாய். மலைக்கு அனுப்பிடுங்க."

"பார்சல்ல போட்டுடலாமா?"

"வழியிலேயே செத்துடும். யாராவது மடியில வச்சிக்கிட்டு, தண்ணி தெளிச்சிக்கிட்டே போகணும்."

பாய் மப்ளரை மடித்து வைத்தார். "சபீனா, பைய எடுத்து வைம்மா. உங்க மாமியார் கூட வருவா. ரெண்டு பேரும் போய் விட்டுட்டு வாங்க."

அவள் பை எடுக்க உள்ளே ஓடினாள்.

நான் கற்றது இதுதான். புதுச் செடி வந்தால் குழி தோண்டுவதற்கு முன்னால் அது எங்கே வளர்ந்தது என்று கேட்க வேண்டும். நம் ஊர்ச் செடிக்கு நல்லது எல்லாச் செடிக்கும் நல்லது இல்லை.

போன வாரம் கடைக்குப் போனேன். பாய் பருப்பு நிறுத்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, செடி, மருமக ரெண்டும் எப்போ திரும்பி வரும்?"

"செடி வராது பாய். மருமக வரும்."

"அது போதும்" என்றார்.