எலிகளின் மாமியார் போட்ட காபி

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்வது, நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவளின் வேலை. கூண்டு கழுவுவாள், மரத்தூள் மாற்றுவாள், மருந்து கலந்த தண்ணீர்ப் புட்டியை மாட்டுவாள். "எலிகளுக்கு மாமியார்" என்று கிண்டல் செய்தால், "என் மருமகளுங்க உங்களைவிட அடக்கம்டி" என்பாள். நான் அங்கே குடுவை கழுவுகிறவள். அவளிடம் வாய் கொடுத்து ஜெயித்ததில்லை.

அவள் கணவர் தையல்காரர். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் மறந்துபோய், கடைசியில் அவளையும் மறந்துவிட்டார். சின்ன வயதிலேயே காய்ச்சலில் போன மகள் மட்டும் அவருக்கு உயிரோடு இருந்தாள். "பாப்பா ஸ்கூல் விட்டு வந்துருவா" என்று சந்தோஷமாக உட்கார்ந்திருப்பார். அவர் ஒரு தடவையாவது தன்னை அடையாளம் கண்டு கூப்பிட வேண்டும். அக்காவுக்கு அது ஒன்றுதான் ஆசை.

அந்தச் சமயத்தில் கிழட்டு எலிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. எதற்கு என்று அக்கா கேட்க, ஆராய்ச்சி மேடம் சொன்னார்: "மூளை உழைக்க உழைக்க அடினோசின்னு ஒண்ணு சேரும். அதைப் பிடிச்சுக்க நரம்பு செல்லுல ஏற்பிகள் இருக்கு. பிடிச்சா அசதி, தூக்கம். வயசானா அதுல ஒரு வகை அதிகமாகி ஞாபகத்தைக் கெடுக்குதான்னு பாக்கறோம். காபியில இருக்கிற கஃபீன் முந்திப்போய் அந்த இடத்தை அடைச்சுக்கும்."

கஃபீன் குடித்த கிழட்டு எலிகள், கலங்கல் தண்ணீருக்குள் மறைந்திருந்த மேடையை, முன்பு பழகிய இடம் மறக்காமல் நீந்திக் கண்டுபிடித்தன. அக்கா கண்ணால் பார்த்தாள். "எலிக்கு ஆனது மனுஷனுக்கும் ஆகும்னு இல்ல" என்று மேடம் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை.

வீட்டில் தண்ணீர்ச் சொம்பை எடுத்துவிட்டுக் காபி வைத்தாள். தாகத்துக்கும் காபி, மாத்திரைக்கும் காபி. நாற்காலியை இடம் மாற்றிப் போட்டுவிட்டு, அவர் கண்டுபிடிக்கிறாரா என்று கதவோரம் நின்று பார்த்தாளாம். எலி வளர்த்த புத்தி வேறு என்ன செய்யும்! கேட்டதும் எனக்கு ஆத்திரம் வந்தது. கண்டபடி திட்டினேன்.

ஒரு நாள் சாயங்காலம் அது நடந்தேவிட்டது. காபியாலா, தானாகவா, யாருக்குத் தெரியும். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "ஏண்டி இப்படி இளைச்சுட்டே?" என்றார். அக்கா அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். முகம் மாறியது.

"பாப்பா செத்துப்போயிட்டா, இல்ல?"

அப்போதுதான் செய்தி வந்ததுபோலத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். காபியால் ராத்திரித் தூக்கமும் போயிற்று. அதற்குப் பிறகும் எப்போதாவது தெளிந்தார். தெளிந்தபோதெல்லாம் மகள் புதிதாகச் செத்தாள்.

மருத்துவர் காபியை நிறுத்தச் சொன்னார். அதற்கு முன்பே அக்கா நிறுத்தியிருந்தாள். "என்னைத் தெரிஞ்சா அவ செத்ததும் தெரியுதேடி. வேணாம், மறந்தே இருக்கட்டும்" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள்.

பிறகு ஒரு நாள் போயிருந்தேன். அவர் நன்றாகத் தூங்கி எழுந்திருந்தார். அக்கா சாப்பாடு ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டாள். அவர் மரியாதையாகச் சொன்னார்: "ரொம்ப நல்லா பாத்துக்கறீங்கம்மா. நேரமாச்சே, உங்க வீட்டுக்காரர் தேட மாட்டாரா?"

"தேட மாட்டாருங்க" என்றாள் அக்கா.