எரியாத கட்சி

என் வீட்டுச் சுவரில் ஒரு டேப்பு மாட்டியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் தோல் கட்டிய, சோற்றுத் தட்டு அகலமுள்ள லாவணி வாத்தியம். வீட்டுக்கு வருகிறவர்கள் ஆசையாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, தொளதொளன்னு கெடக்குது, லேசா நெருப்புல காட்டக்கூடாதா?" என்பார்கள். சொல்வது சரிதான். அனல் பட்டால்தான் அந்தத் தோல் விறைத்துப் பேசும். ஆனால் இது நெருப்பைப் பார்த்து நாற்பது வருஷம் ஆகிறது. என் கையால் இனியும் காட்டமாட்டேன்.

இது என் அக்கா புருஷனுடையது. மாமா ஆரணியில் பட்டு நெய்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில் தறிக்காரர்கள் சிலரைச் சேர்த்து ஒரு லாவணி ஜமா கட்டினார். ஜால்ராவுக்கு ஒருவர், பின்பாட்டுக்கு நான். லாவணி என்றால் பாட்டுச் சண்டை. காமன் பண்டிகையில் சிவன் மன்மதனை எரித்தார் என்று ஒரு கட்சி பாடும், எரியவே இல்லை என்று இன்னொரு கட்சி பாடும். எதிராளி பாட்டில் கேட்டால், அவன் டேப்பு ஓய்வதற்குள் பாட்டிலேயே பதில் வரவேண்டும். சாமியில் தொடங்குகிற வழக்கு பாதியில் சொந்த வீட்டுச் சங்கதிக்கு வந்துவிடும். மூக்கின் நீளம், மாமியார் வாய் என்று எதை வேண்டுமானாலும் இழுக்கலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. பதில் வராத கேள்வியை மட்டும் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

மாமா எரியாத கட்சி. அவர் பதிலுக்குத் தடுமாறி நான் பார்த்ததில்லை. தேவிகாபுரத்தில் ஒருமுறை எதிராளி அவருடைய கறுப்பு நிறத்தைப் பிடித்துக்கொண்டான். கறுப்பு கெட்டிச் சாயம், உங்கள் வெளுப்பு ஒரு தண்ணீருக்குத் தாங்காது என்று மாமா திருப்பியடித்ததும், அவனே சிரித்துக்கொண்டு சோடா வாங்கி வந்து கொடுத்தான். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த அக்காதான் ஸ்டவ் வெடித்துச் செத்தாள். மாமாவும் நானும் முன்கட்டில் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருந்தோம். சத்தம் கேட்டு எழுந்து ஓடுவதற்குள் நைலக்ஸ் புடவை உருகி உடம்போடு ஒட்டிவிட்டது. பட்டு நெய்கிறவன் பெண்டாட்டி வேறு எதைக் கட்டுவாள்? மாமா வெறுங்கையால் அதைப் பிய்த்தார். உள்ளங்கை இரண்டும் வெந்து போயின. காமன் பண்டிகையில் எரித்த மன்மதனை மூன்றாம் நாள் பாடி எழுப்புவோம். அக்கா மூன்றாம் நாள் வேலூர் ஆஸ்பத்திரியில் செத்தாள்.

அந்தக் காலத்தில் ஸ்டவ் வெடித்து எந்தப் பெண் செத்தாலும், புருஷன்தான் கொளுத்திவிட்டான் என்று ஊர் ஒரே மாதிரிதான் பேசும். பல வீடுகளில் அது உண்மையாகவும் இருந்ததால் ஊரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. போலீஸ் விசாரித்துவிட்டு விபத்து என்று எழுதிக்கொண்டு போனது. பேச்சு மட்டும் நிற்கவில்லை. மாமா அதன் பிறகு நெருப்புக்குப் பக்கத்தில் போவதில்லை. டேப்பை வெயிலில் காயவைத்துத்தான் அடித்தார், அது மந்தமாகத்தான் பேசியது.

அடுத்த காமன் பண்டிகையில் எதிரே உட்கார்ந்தவர் பெரணமல்லூர்க்காரர். மாமாவோடு ஒரே இலையில் சாப்பிட்டவர். விளக்கு வைக்கிற நேரம், கூட்டம் நிறைந்திருந்தது. அவர் பாடினார்:

"எரியலேன்னு வருஷா வருஷம் எடுத்துப் பாடும் புலவரே,
எரிஞ்சதெப்படி உம்ம வீட்டில், எல்லாருக்கும் சொல்லுமே!"

மாமாவின் விரல்கள் தாளத்தை விடாமல் போட்டுக்கொண்டிருந்தன. வாய் திறக்கவில்லை. எதிராளியின் டேப்பு ஓய்ந்தது. மாமா தன் டேப்பை மடியில் கவிழ்த்து வைத்தார். அன்றோடு அவர் பெண்டாட்டியை எரித்தவர் ஆனார்.

மறுநாள் காலையிலேயே பெரணமல்லூர்க்காரர் வீட்டுக்கு வந்து அழுதார். "முதுகுக்குப் பின்னால பேசிகினு கீறானுங்க. சபையில கேட்டுட்டா நீ ஒரே போடா போட்டு அவனுங்க வாயை மூடிடுவேன்னுதானேப்பா கேட்டேன்!" மாமா அவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்.

ஜமாவில் ஜால்ராக்காரர் தலைவரானார். மாமா கட்டிய ஜமாவுக்கு மாமாவே வரவேண்டாம் என்று ஆள் விட்டுச் சொன்னார்கள். நானும் விலகிவிட்டேன். நெய்வதற்குப் பாவு நூல் கொடுத்துவந்த முதலாளி கைவிட்டார். நான் டீக்கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் நடந்ததை நடந்தபடியே தொண்டை வறளச் சொன்னேன். பாட்டில் கேட்டதற்கு வாயால் சொன்ன பதிலை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. என் அம்மாவே எடுத்துக்கொள்ளவில்லை. மருமகனை வாசற்படி ஏறவிடவில்லை.

சில வருஷங்களில் மாமாவுக்குக் காசநோய் வந்தது. கடைசி நாட்களில் ஒரு மத்தியானம் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு ஏன் மாமா ஒண்ணும் பாடல? வரலையா?"

"வராம என்னா? நாலு வரி வாய்க்குள்ளயே நின்னுகினு இருந்திச்சி, மச்சான். நல்ல வரிங்க. பாடியிருந்தா ஜனம் கை தட்டியிருக்கும், விசில் அடிச்சிருக்கும். உங்க அக்கா துடிச்சதுக்கு நான் கைத்தட்டல் வாங்கறதா?"

அந்த நாலு வரியை அவர் எனக்கும் சொல்லவில்லை. நான் அம்மாவிடம் ஓடிப்போய் இதைச் சொன்னேன். அம்மா எழுந்து உட்கார்ந்து, "பாட்டா பாடினானா?" என்றாள். இல்லை என்றேன். திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த வாரமே மாமா போய்விட்டார். எடுத்துக்கொண்டு போகையில் ஜமா வரவில்லை. பெரணமல்லூர்க்காரர் மட்டும் டேப்பில்லாமல் வந்து, கடைசி வரை கூட நடந்தார்.

இன்றைக்குக் காலையிலும் டேப்பை ஆணியிலிருந்து எடுத்து மாடியில் வெயிலில் வைத்தேன். சாயங்காலம் இறக்கிக் கொண்டுவந்து ஒருமுறை தட்டினேன். மந்தமாகத்தான் பேசியது. அப்படியே மாட்டிவிட்டேன்.