இரண்டு துண்டாக வந்த பெல்ட்

அன்று காலை கம்பெனி பஸ் மைசூர் மண்டி மொஹல்லா முனையில் வழக்கம்போல வேகம் குறைந்தது. ஏறுவதற்கு யாரும் இல்லை. டிரைவர் காலியாக இருந்த அந்த இடத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு கியரை மாற்றினார். "மாதேசண்ணா ஹோக்பிட்ரு. விடிகாலைல நெஞ்சுவலியாம்" என்றார். போய்விட்டார் என்ற அந்தக் கன்னடச் சொல் எனக்குத் தெரியாததா? இருந்தும், "எங்க போயிட்டாரு? ஊருக்கா?" என்று பைத்தியக்காரி மாதிரி கேட்டேன். அவர் வழக்கமாக உட்காரும் சீட்டில் யாரும் உட்காராமலே ஹெப்பாள் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தோம்.

மெயின்டனன்ஸ் ஃபிட்டர் மாதேஸ்வரனைத் தெரியாதவர் நம் தொழிற்சாலையில் இல்லை. ஹனூர்ப் பக்கம் ராமாபுரத்துக்காரர். வார்த்தைக்கு வார்த்தை ஒரு 'ங்' ஒட்டிக்கொண்டு வரும். மேனேஜரைத் திட்டினாலும் 'ங்' போட்டுத்தான் திட்டுவார். பெண்களையெல்லாம் அம்மிணி என்பார். நான் வைண்டிங் செக்‌ஷன் சரோஜா. என் வாயைப் பற்றியும் உங்களுக்குத் தெரியும். அந்த வாய் மூன்று வருஷமாக மூடி வைத்திருந்த ஒன்றை நம் தொழிற்சாலையின் இந்த மலரில் சொல்லிவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

அதற்கு முன்னால், அவர் எப்படிப்பட்ட மனுஷன் என்பதை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நம் ஜெயம்மாவின் விரல் மெஷினில் சிக்கிய அன்று, ரிப்பேர்ப் புத்தகத்தில் 'ஆளின் கவனக்குறைவு' என்று எழுதச் சொன்னார் சூப்பர்வைசர். மாதேசண்ணா பேனாவை எடுத்து, மூன்று மாதமாக அந்த மெஷினுக்கு மூடி இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அந்த வருஷம் வரவேண்டிய பிரமோஷன் வரவில்லை. ஏன் அண்ணா இப்படி என்று நான் சண்டைக்குப் போனேன். "மிசினு பொய் சொல்லாதுங் அம்மிணி. அதுகூட பொழங்கிட்டு நாம எப்படிங் சொல்றது?" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. பிழைக்கத் தெரியாத ஆள் என்று அவர் காதுபடவே சொன்னேன்.

ஆயுத பூஜையிலும் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. மற்றவர்கள் மெஷின் முழுக்கச் சந்தனத்தை அப்பிக் குங்குமத்தை வாரி இறைப்பார்கள். அவர் முந்தின நாளே ஒவ்வொரு மோட்டாருக்கும் செய்தித்தாளைச் சுற்றிக் கட்டி, அதன் மேல்தான் பொட்டு வைக்க விடுவார். "சாமி மூடி மேல இருந்தாப் போதுமுங். உள்ள போயி அது என்னங் பண்ணும்?" என்பார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். நானும்தான் சிரித்தேன்.

இனி என் வீட்டுக் கதை. என் மகள் வித்யாவுக்கு அப்போது பத்து வயது. முதுகு வலிக்கிறது என்று பல மாதம் சொல்லிக்கொண்டே இருந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இருக்க நடிக்கிறாள் என்று நான் முதுகிலேயே இரண்டு வைத்து அனுப்பினேன். கடைசியில் பார்த்தால் முதுகெலும்பில் டி.பி. மார்பிலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டுப் போட்டு, பல மாதம் மல்லாந்தே கிடக்கவேண்டும், புரளக்கூடாது, உட்காரக்கூடாது என்றார் டாக்டர். கட்டுக்குள் எலும்பு நகர்ந்தால் கால் விளங்காமல் போகலாம் என்றும் சொன்னார். என் கணவர் வேலு கட்டட வேலை மேஸ்திரி, கோபக்காரர். "புள்ள வலிக்குதுன்னு சொல்லுச்சு, நீ அடிச்சே" என்று ஒரே ஒருமுறைதான் சொன்னார். அது எனக்கு ஆயுசுக்கும் போதும்.

பத்து வயதுப் பிள்ளையை எப்படி அசையாமல் படுக்க வைப்பது? வேலுவின் அண்ணன் கப்பலில் வேலை பார்த்தவர். ஜப்பானிலிருந்து எப்போதோ வாங்கி வந்து பரணில் கிடந்த ஒரு வீடியோ கேம் பெட்டியைக் கொடுத்தார். அதோடு ஒரு கறுப்பு டிரைவ் பெட்டி. உள்ளங்கை அகலத்தில் ஒரு மஞ்சள் டிஸ்க்கை அதற்குள் தள்ளினால் கர்ரென்று சத்தம் வரும், பிறகு டிவியில் விளையாட்டு வரும். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு டிஸ்க்தான். அதில் ஒரு குட்டிப் பையன் மலை ஏறுவான். விட்ட இடத்தை டிஸ்க்கிலேயே எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் அங்கிருந்தே தொடங்கலாம். வித்யா நாளெல்லாம் அந்தப் பையனை நடக்கவிட்டுக்கொண்டு, தான் அசையாமல் கிடந்தாள். அவன் உச்சிக்குப் போகிற அன்று தனக்குக் கட்டுப் பிரித்துவிடுவார்கள் என்று அவளே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

தசரா முடிந்ததும் எக்ஸ்ரே என்று சொல்லியிருந்தார்கள். ஆயுத பூஜையன்று என் மனசு என்னிடம் இல்லை. வேலு மட்டக்கோலையும் கரண்டியையும் கழுவி வைத்துவிட்டு சைட் பூஜைக்குப் போய்விட்டார். வித்யா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தக் கறுப்புப் பெட்டிதான் அன்று சாமியாகத் தெரிந்தது. சாமுண்டியம்மா, என் பிள்ளையைப் படுக்கையில் கட்டி வைத்திருப்பது இதுதான், இதைக் காப்பாற்று என்று அழுதுகொண்டே பெட்டியின் வாயில் குழைத்த சந்தனத்தையும் அதன் மேல் குங்குமத்தையும் வைத்தேன். டிஸ்க்கையும் விடவில்லை. அந்த டிஸ்க்கின் நடுவில் கறுப்புத் தகடு தெரிகிற ஒரு சின்ன ஜன்னல் உண்டு, அதற்கு மூடி கிடையாது. பொட்டு வைக்கத் தோதான இடம் என்று நினைத்து அங்கேயே வைத்தேன். மாதேசண்ணா செய்தித்தாள் சுற்றியதைப் பார்த்துச் சிரித்தவள் நான்.

சாயங்காலம் வித்யா கேட்டதும் டிஸ்க்கைத் தள்ளினேன். கரகரவென்று ஒரு சத்தம். திரையில் ஆங்கிலத்தில் என்னவோ எழுதி, ஒரு எண் மட்டும் வந்தது. மறுபடி தள்ளினாலும் அதே எண். வேலு வருவதற்குள் ஈரத்துணியால் டிஸ்க்கையும் பெட்டியையும் பளபளவென்று துடைத்துவிட்டேன். "அது எப்படிடி பூஜையன்னிக்குப் பாத்து நிக்கும்? என்ன பண்ணே?" என்றார். "நான் ஒண்ணும் பண்ணலை, தானா நின்னுபோச்சு" என்றேன்.

மறுநாளிலிருந்து வித்யா சாப்பிட மறுத்தாள். "ஊட்டா பேடாம்மா, நான் ஏந்திருக்கணும்" என்று கத்தினாள். சோறு வேண்டாம், எழுந்திருக்க விடு என்று கெஞ்சினாள். புரண்டாள். மாவுக்கட்டின் ஓரத்தில் ஒரு விரிசல் விட்டது. கட்டு உடைந்தால் ஆபரேஷன்தான், அதற்கு மேல் என் கையில் இல்லை என்றார் டாக்டர். நான் பெற்ற பிள்ளையின் இரண்டு கைகளையும் துண்டால் கட்டிலோடு கட்டினேன். கட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தில் போய் வாயில் புடவையைத் திணித்துக்கொண்டு அழுதேன். மைசூரில் அந்தப் பெட்டியை யாரும் பார்த்ததுகூட இல்லை. டிவி ரிப்பேர்க்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஜப்பானுக்கே அனுப்புங்கள் என்றார்.

மாதேசண்ணாவிடம் சொன்னேன். ஷிப்ட் முடிந்து நேராக வந்தார். மூடியைக் கழற்றி, எந்தத் திருகு எங்கே இருந்தது என்று பென்சிலால் குறி போட்டுக்கொண்டார். "உள்ள ஏதாச்சும் விழுந்துச்சாங் அம்மிணி?" என்று கேட்டார். "இல்லண்ணா" என்றேன். "தண்ணி, பவுடரு?" "ஒண்ணுமே இல்லண்ணா." அவர் நம்பினார். மோட்டாரிலிருந்து டிஸ்க்கைச் சுற்றும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருந்தது. அதைக் கழற்றி மோதிரம் மாதிரி விரலில் மாட்டிக்கொண்டு, மண்டி மொஹல்லாவில் தேடி ஒரு டேப்ரிக்கார்டர் பெல்ட் வாங்கிவந்து போட்டார். பழசைக் கருவிப் பைக்குள் போட்டுக்கொண்டார். வேலு அப்போது வீட்டில் இல்லை. பெட்டி ஓடியது. ஆனால் திரையில் அதே எண்.

மூன்று நாள் வந்தார். மின்சாரத்தைச் சோதித்தார், ஒயர்களை ஒவ்வொன்றாக மறுபடி பற்றவைத்தார். டிஸ்க்கைப் படிக்கும் தலையை மட்டும் தொடவில்லை. "அது மயிரிழை நவுந்தாலும் அப்புறம் சேராதுங். ஒண்ணும் விழலைன்னா அதை நோண்டக் கூடாதுங்" என்றார். என் பொய்யை நம்பித்தான் அதைத் தொடாமல் விட்டார். கட்டிலில் என் மகள் துண்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை, 'குங்குமம்' என்று ஒரே வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் வேலு இந்தமுறை என்ன சொல்வாரோ என்ற பயம் என் நாக்கைப் பிடித்துக்கொண்டது. இப்படியும் ஒரு தாய் இருப்பாளா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தாளே, நான்தான் அது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வேலு கட்டிலருகே வித்யாவின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். மாதேசண்ணா பெருமூச்சு விட்டு, "இனி இதைத்தானுங் பாக்கணும்" என்று தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, அந்தத் தலையை மெதுவாகத் துடைத்தார். பஞ்சு சிவப்பாக வெளியே வந்தது. அவர் பஞ்சைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் பஞ்சை உள்ளங்கையில் மூடிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"கெடச்சுதுங் வேலு. பெல்ட்டுதானுங்" என்றார்.

"பெல்ட்டை மொத நாளே மாத்திட்டீங்களே அண்ணா?"

"பழசு அறுந்துருந்துச்சுங். அதுல ஒரு துண்டு உள்ள போயிச் சிக்கிக்கிச்சு. இப்பத்தானுங் வந்துச்சு."

"எங்க, காட்டுங்க?"

"கை கழுவிட்டு வந்து காட்றனுங்" என்று கருவிப் பையோடு கொல்லைக் குழாயடிக்குப் போனார். திரும்பி வந்து ஒரு காகிதப் பொட்டலத்தை வேலுவிடம் கொடுத்தார். வேலு பிரித்துப் பார்த்து, "அட நாசமாப்போன ரப்பரே" என்று திட்டிவிட்டு வித்யாவின் ஜாமெட்ரி பாக்ஸில் பத்திரப்படுத்தினார். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பிறகு மாதேசண்ணா டிஸ்க்கை எடுத்து, அந்த ஜன்னல் வழியே விரலால் தகட்டைச் சுற்றிச் சுற்றி, பழைய மல்வேட்டித் துணியால் ஒற்றினார். "வந்தா வந்துச்சுங், போனாப் போச்சு" என்று முணுமுணுத்தபடி உள்ளே தள்ளினார். அதே எண். வெளியே எடுத்து மறுபடி ஒற்றினார். அதே எண். வித்யா அழக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாவது முறை கர்ரென்ற சத்தம் நிற்காமல் சீராக ஓடியது. திரையில் மலை வந்தது. பாதி மலையில், அவள் விட்ட அதே பாறை மேல், அந்தப் பையன் நின்றுகொண்டிருந்தான். "கை அவுத்து விடும்மா" என்றாள் வித்யா. நான் இழுத்த இழுப்பில் முடிச்சு இன்னும் இறுகிக்கொண்டது. மாதேசண்ணாதான் அவிழ்த்துவிட்டார்.

அவர் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. பஸ்ஸில் தினமும் பார்ப்போம், "பாப்பா எப்படிங்?" என்பதோடு சரி. அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொடுத்தார். பெட்டியின் அளவுக்குச் சரியாகத் தைத்திருந்தது. "பொட்டை இதுமேல வைங் அம்மிணி" என்றார். அவ்வளவுதான் அவர் என்னைத் திட்டியது.

எலும்பு கூடிக் கட்டும் பிரித்தாயிற்று, வித்யா இப்போது சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறாள். ராமாபுரத்தில் அவரை அடக்கம் செய்த அன்று, "ஒரு பெல்ட்டை மாத்தி எம்புள்ளைய நடக்க வெச்ச மனுசன்" என்று வேலு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதார். வீட்டுக்கு வந்ததும் அந்த ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து பொட்டலத்தை என் கையில் வைத்தார். மூன்று வருஷத்தில் முதல்முறையாக நான் அதைத் தொட்டேன்.

நீளமாக ஒரு துண்டு, நகமளவு ஒரு துண்டு. வைண்டிங் செக்‌ஷனில் அறுந்த பெல்ட் பார்க்காத நாள் எனக்கு உண்டா? தேய்ந்து அறுகிற ரப்பரின் முனை பிசிறு பிசிறாக நிற்கும். இதில் நாலு முனையும் நேராக இருந்தன. பிளேடால் வெட்டியது. அன்று குழாயடியில், கை கழுவுகிறேன் என்று போய், பிரமோஷனுக்காகக்கூடப் பொய் எழுதாத அந்த மனுஷன், எனக்காக உட்கார்ந்து ஒரு பொய்யை இரண்டு துண்டாக வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார். துண்டுகளைக் கையில் பிடித்தபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வேலு பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அப்போதும் நான் சொல்லவில்லை.

வேலு நம் மலரை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்கிறவர். இதையும் படிப்பார். படித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும், பதில் சொல்கிறேன். மாதேசண்ணாவின் நினைவாக நான் வைத்திருப்பது அந்த இரண்டு துண்டு ரப்பர்தான். அதில் இருப்பது பிளேடு வெட்டு, வேலு. உள்ளே போனது நான் வைத்த குங்குமம்.